தன் குருதியே தனக்கு மருந்து

கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் உட்புறத்தில் உண்டாகி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஆறாமல் கிடக்கும் புண்களில் பெரும்பங்கு நாளக் கோளாறால் வருபவை. குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்பவை நாளங்கள். காலின் நாளங்களுக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் குருதி மேலே தள்ளப்படும். தள்ளப்பட்டது கீழே இறங்காமல் வால்வுகள் காக்கும். ஒருவர் அசையாமல் நிற்கும்போது பாதத்து நாளத்தின் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீற்றர் வரை இருக்கும். நலமானவர் நடக்கத் தொடங்கியதும் அது 30க்கும் கீழே வந்துவிடும். வால்வு பழுதானவர் எவ்வளவு நடந்தாலும் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையாது. தேங்கிய குருதியின் கனத்தால் நுண்குழாய்கள் கசிகின்றன. தோல் கபில நிறமாகிறது, தடிக்கிறது, அரிக்கிறது. பிறகு ஒரு சிறு கீறல் போதும்.

நீண்டநேரம் நின்று வேலை செய்வது, பல பிரசவங்கள், உடற்பருமன், முன்பு ஆழ்நாளத்தில் குருதி உறைந்திருந்தது, முதுமை ஆகியவை இந்தக் கோளாறோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும், நகரத்துப் புடவைக்கடைகளிலும் சாப்பாட்டுக்கடைச் சமையற்கட்டுகளிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும் இவற்றுள் இரண்டு மூன்று ஒன்றாகவே வாய்த்துவிடலாம். புண்ணால் உயிர் போவது அரிது. ஆனால் நீர் வடியும், நாற்றம் எடுக்கும், இரவில் வலிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தாலே கூசவைக்கும் நோய் இது.

இதற்கான முதன்மைச் சிகிச்சையில் மர்மம் எதுவும் இல்லை. காலுக்குக் குருதி கொண்டுவரும் நாடிகள் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தக் கட்டுப் போடுகிறார்கள். கணுக்காலில் 40 மில்லிமீற்றர் அளவு அழுத்தம் இருக்க வேண்டும். மேலே போகப் போக அது குறைய வேண்டும். பல அடுக்குக் கட்டாக இருந்தால் ஒருமுறை போட்டது ஒரு வாரம் வரை இருக்கும். பழுதான மேல்நாளத்தைக் காலம் தாழ்த்தாமல் அடைத்துவிட்டால் புண் இன்னும் விரைவாக ஆறும் என்பதை இங்கிலாந்தில் 450 பேரிடம் நடந்து 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டோடு நாளத்தையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற எடுத்த காலத்தின் இடைநிலை 56 நாட்கள். கட்டு மட்டும் போட்டு, நாளச் சிகிச்சையைப் பிற்போட்டவர்களுக்கு 82 நாட்கள்.

இவற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது சிறுதட்டுச் செறிந்த பிளாஸ்மா, சுருக்கமாகப் பி.ஆர்.பி. நோயாளியின் கையிலிருந்தே சிறிது குருதியை எடுத்து மையநீக்கி இயந்திரத்தில் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படியும்; மேலே மஞ்சளாகத் தெளியும் பிளாஸ்மாவில் குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுப்பார்கள். இயல்பான குருதியில் ஒரு மைக்ரோலீற்றருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் சிறுதட்டுகள் இருக்கும். செறிந்த பிளாஸ்மாவில் அது பல மடங்காகும். சிறுதட்டின் வேலை குருதியை உறையவைப்பதோடு முடிவதில்லை. புதிய குழாய்கள் முளைக்கவும் இணைப்பிழையம் வளரவும் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் அதன் மணிகளுக்குள் இருக்கின்றன. கல்சியம் சேர்த்துக் கூழாக்கிப் புண்மேல் பூசலாம். புண்ணின் விளிம்பில் ஊசியால் ஏற்றவும் செய்யலாம்.

பலன் என்ன என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் விளம்பரங்கள் சொல்வதைவிட அடக்கமானது. 2016 இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு ஆறாப் புண்களில் இந்த முறையைச் சோதித்த 10 ஆய்வுகளை, மொத்தம் 442 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீரிழிவுப் பாதப் புண்ணில் பலன் இருக்கலாம், அதற்கான சான்றும் தரக்குறைவானது என்றது. நாளப் புண்ணைப் பொறுத்தவரை முடிவு தெளிவில்லை. அதற்கு முன்பே, 2000 இல், ஆஸ்திரேலிய ஆய்வொன்று 86 நாளப் புண் நோயாளருக்கு அவரவர் சிறுதட்டுகளிலிருந்து எடுத்த சாற்றையோ வெறும் திரவத்தையோ பூசி, எல்லோருக்கும் அழுத்தக் கட்டையும் போட்டுப் பார்த்தது. இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் வந்த சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் தயாரிக்கும் முறையும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் அவற்றைக் கூட்டிப் பார்ப்பது கடினம்.

மருத்துவத்தின் கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் சொந்தக் குருதியே மருந்து என்று கேட்டதும் மனம் அதற்கு ஒரு தனி மதிப்புக் கொடுத்துவிடுகிறது. அந்நியப் பொருள் உடம்புக்குள் போகவில்லை, யாருக்கும் கடன் படவில்லை, ரசாயனம் இல்லை, உடம்பே உடம்பைக் காத்துக்கொள்கிறது என்ற எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இவை மருத்துவ எண்ணங்கள் அல்ல. உடம்பு யாருடையது, அதைப் பேணுவது கடமையா பற்றா, நோய் எங்கிருந்து வருகிறது என்ற பழைய கேள்விகளின் கிளைகள் இவை. பௌத்தமும் சைவமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து வாழும் கண்டியில் அந்தக் கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் இருக்கின்றன.

முதலில் வினை. ஆறாத புண்ணை முன்வினையின் பயனாகக் காண்பது சைவருக்கும் பௌத்தருக்கும் பொதுவான வழக்கம். பாலி நூல்கள் இதில் பலர் எண்ணுவதைவிட எச்சரிக்கையாக இருக்கின்றன. சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறான்: மனிதன் படும் துன்பமெல்லாம் முன் செய்ததன் பயன்தானா? பித்தம், சிலேட்டுமம், வாதம், இவை மூன்றும் கலந்த நிலை, பருவ மாற்றம், உடம்பைத் தகாதபடி நடத்துவது, பிறர் தாக்குவது, வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களைப் புத்தர் சொல்கிறார். எல்லாமே வினை என்பவர்கள் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள் என்கிறார். எட்டில் ஒன்றுதான் வினை. ஆண்டுக்கணக்காக நின்று வேலை செய்த கால், அந்தப் பட்டியலில் உடம்பைத் தகாதபடி நடத்தியதன் கீழ் வரும். அப்படி நடத்தியது காலுக்கு உரியவரா, அவருக்கு வேலை கொடுத்தவரா என்பது வேறு கேள்வி. அந்த நூல் அதை எழுப்பவில்லை.

தம்மபத அட்டகதையில் பூதிகத்த திஸ்ஸ தேரரின் கதை உண்டு. உடம்பெங்கும் கொப்புளங்கள் வெடித்துப் புண்ணாகி, சீழ் பட்டுச் சீவரம் ஒட்டிக்கொள்ள, உடன் இருந்த பிக்குகளே அவரைக் கைவிட்டார்கள். புத்தர் வந்து தாமே வெந்நீர் வைத்தார், சீவரத்தைத் துவைத்து உலர்த்தச் செய்தார், அவரை நீராட்டினார், பிறகே உபதேசம் சொன்னார். திஸ்ஸர் அருகத நிலை எய்தி இறந்தார். அவருக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்று மற்றவர்கள் பின்னர் கேட்டபோதுதான், முற்பிறவியில் அவர் பறவைகளின் எலும்பை முறித்துப் போட்ட வேடன் என்ற பேச்சு வருகிறது. கதையில் இந்த வரிசை முக்கியமானது. வினைக்கணக்கு நோயாளி இறந்தபின் கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. நோயாளிக்குக் கிடைத்தது வெந்நீரும் துவைத்த துணியும். புண்ணோடு வருபவரிடம் முதலில் வினையைப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைத் தலைகீழாக வாசித்தவர்கள்.

உடம்பைப் பேணுவது பற்றாகாதா என்ற கேள்வியைப் பாலி மரபில் மிகக் கூர்மையாகக் கையாளும் நூல் மிலிந்த பஞ்ஹம். இந்த நூலுக்கும் கண்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1753 இல் சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரர் தலைமையில் வந்த பிக்குகளைக் கொண்டு கண்டியில் பிக்குகளின் முழுத் துறவேற்பான உபசம்பதா மீட்கப்பட்டது. அதற்கு உழைத்தவர் வெலிவிட்ட சரணங்கர சங்கராஜர். ஆதரித்தவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியில் வந்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அதே மன்னன் காலத்தில், 1777 இல், சரணங்கரரின் மாணவ பரம்பரையைச் சேர்ந்த ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர் மிலிந்த பஞ்ஹத்தைச் சிங்களத்தில் பெயர்த்தார். யவன மன்னன் மிலிந்தனும் நாகசேன தேரரும் நடத்திய உரையாடல், பாலி படிக்காத கண்டிச் சீமையாருக்கும் இப்படிக் கிட்டியது.

மன்னன் கேட்கிறான்: துறவிகளே, உங்களுக்கு உடம்பு பிரியமானதா? இல்லை என்கிறார் நாகசேனர். பிறகு ஏன் அதை ஊட்டிப் பேணுகிறீர்கள்? தேரர் திருப்பிக் கேட்கிறார்: போர்க்களத்தில் நீ அம்பு பட்டதுண்டா? உண்டு. புண்ணுக்கு மருந்து பூசி, எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் கட்டினார்களா? கட்டினார்கள். அப்படியானால் அந்தப் புண் உனக்குப் பிரியமானதா? இல்லை, தசை மீண்டும் வளர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். துறவியும் உடம்பை அப்படித்தான் பேணுகிறான் என்று முடிக்கிறார் நாகசேனர். அற வாழ்க்கைக்கு அது வேண்டியிருக்கிறது. பிரியம் அதற்குக் காரணமல்ல.

உடம்பு முழுவதையுமே புண்ணாகக் கொள்ளும் இந்த உவமை இல்லறத்தாருக்குக் கடுமையாகத் தோன்றலாம். நாட்கூலிக்குக் காலை நம்பியிருக்கும் ஒரு பெண்ணிடம் கால் உனக்குப் பிரியமாக இருக்கக்கூடாது என்பதில் பொருளில்லை. ஆனால் நாகசேனரின் பதிலில் பற்றைவிடு என்பதற்கு மேல் வேறொன்றும் இருக்கிறது: சிகிச்சையை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பது. அம்புப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் தசை வளருமா என்பதை மட்டும் பார்த்தார்கள். மருந்து அரியதா, அழகானதா, தன்னுடையதா என்று பார்க்கவில்லை. உடம்பின்மேல் பிரியம் வைத்தவரே மருந்தின்மேலும் பிரியம் வைக்கிறார். தன் குருதியிலிருந்து பொன்னிறமாகத் தெளிந்த ஒரு திரவத்தைக் குழாயில் காட்டும்போது கண் அதில் நின்றுவிடுகிறது. கணுக்காலைச் சுற்றிய தடித்த பண்டேஜில் நிற்பதில்லை. புண்ணைப் புண்ணாக மட்டும் பார்க்கப் பழகியவருக்கு இந்த மயக்கம் குறைவு. ஆக, இந்த இடத்தில் பற்றின்மை ஒரு துறவு நிலையாக மட்டும் இல்லாமல், சான்றைச் சரியாக எடைபோட உதவும் ஒழுக்கமாகவும் வேலை செய்கிறது. பி.ஆர்.பி. பற்றிப் பௌத்தம் சொல்லக்கூடியவற்றுள் மிகப் பயனுள்ளது இதுவே. அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற அனுமதிப் பேச்சு இதற்கு அடுத்துத்தான்.

சைவம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்து, அதனுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதை ஓம்பத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்லும் இடம் தமிழர் பலருக்கும் மனப்பாடம். சித்தாந்த நூல்களின்படி உடம்பு உயிருக்குச் சிவன் தந்த கருவி. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிர் தன் வினையை நுகர்ந்து கழிக்கவும் பக்குவப்படவும் தரப்பட்டவை. தரப்பட்ட கருவியைப் பழுதாகவிடுவது தந்தவனை மதியாத செயல். மலையகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ கண்டிக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலோ காலுக்காக நேர்ந்துகொள்பவர் அந்தக் கால் தன் விருப்பப்படி ஆளத்தக்க சொத்தல்ல என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். நாகசேனர் உடம்பைத் தாழ்த்தி மருந்து போடச் சொல்கிறார். திருமூலர் உயர்த்தி மருந்து போடச் சொல்கிறார். இருவருமே உடம்பை ‘என்னுடையது’ என்ற உரிமைப் பேச்சிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தன் குருதி என்பதாலேயே மருந்துக்குச் சிறப்பு என்ற எண்ணத்துக்கு இரு மரபிலும் ஆதாரம் இல்லை.

புத்தர் தம் முதற்சீடர் ஐவருக்கும் சொன்ன அநாத்ம உபதேசம் இந்த உரிமையை நோயை வைத்தே மறுக்கிறது. உருவம் ஆன்மாவாக இருந்தால் அது நோய்க்கு உள்ளாகாது. இப்படி இரு, அப்படி இராதே என்று அதற்கு ஆணையிடலாம். ஆணை செல்லுபடியாவதில்லை. வால்வு பழுதான நாளம் யார் சொல்லையும் கேட்பதில்லை. சிறுதட்டும் அப்படியே. அது காரணிகளை வெளிவிடுவது உரியவரின் விருப்பத்தால் அல்ல. கல்சியமோ கிழிந்த இழையமோ பட்டதால். கையிலிருந்து எடுத்து, சுழற்றி, பிரித்து, காலில் வைக்கும் அரைமணி நேரத்தில் அந்தத் திரவம் எந்தக் கணத்தில் ‘அவர்’ ஆக இருந்து எந்தக் கணத்தில் ‘பொருள்’ ஆனது என்று கேட்டால் விடை இல்லை. பிறருடைய குருதியை ஏற்றினால் வரக்கூடிய ஒவ்வாமையும் தொற்றும் இதில் இல்லை என்பது உண்மை. அது ஒரு நல்ல மருத்துவக் காரணம், அவ்வளவுதான்.

குருதி எடுப்பதே ஒரு காயம் அல்லவா என்பதையும் மரபு கேட்டிருக்கிறது. தேவதத்தன் உருட்டிவிட்ட பாறையின் சில்லுப் பட்டுப் புத்தரின் பாதம் காயமடைந்தது. புத்தரின் உடம்பில் தீய மனத்தோடு குருதி வரச்செய்வது பௌத்தத்தில் மீள முடியாத ஐந்து பெரும் பாவங்களில் ஒன்று. வைத்தியன் ஜீவகனும் அதே பாதத்தில் மருந்து வைத்துக் கட்டினான். தோலைக் கீறிக் கெட்ட குருதியை வெளியேற்றவும் செய்தான் என்கின்றன உரைகள். அவனுக்கு வந்தது புண்ணியம். கத்தியும் குருதியும் ஒன்று, எண்ணம் வேறு என்பது உரைகாரர் தரும் விளக்கம். துறவியர் ஒழுக்க நூலான விநயத்தின் மருந்துப் பகுதியும் குருதி எடுப்பதையும் கொம்பு வைத்து உறிஞ்சுவதையும் பிக்குகளுக்கு அனுமதிக்கிறது. ஆயுர்வேதத்திலும் இப்படித்தான். புண்ணுக்கு 60 விதச் செய்முறைகளையும் 14 வகைக் கட்டுகளையும் சொல்லும் சுசுருதர் அட்டை விட்டுக் கெட்ட குருதியைக் களைவதை விரிவாகப் பேசுகிறார். பழைய வைத்தியம் புண்ணருகே இருந்த குருதியை நோயின் இருப்பிடமாகக் கண்டு வெளியேற்றியது. புதிய முறை அதே உடம்பின் குருதியை மருந்தாக்கி உள்ளே வைக்கிறது. ஆனால் நாளப் புண்ணின் சிக்கல் குருதியின் குணத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு புள்ளியில், கெட்ட குருதி தேங்கிவிட்டது என்ற கிராமத்துப் பேச்சு உண்மைக்கு அதிகத் தூரத்தில் இல்லை.

இலங்கையில் குருதி என்றதும் நினைவுக்கு வருவது தானம். போயா நாட்களிலும் வெசாக்கிலும் விகாரைகளில் குருதிக்கொடை முகாம்கள் நடக்கின்றன. நாட்டின் குருதித் தேவை முழுவதும் ஊதியம் பெறாத கொடையாளரிடமிருந்தே பெறப்படும் நிலையை 2014 அளவில் தேசிய குருதி மாற்றுச் சேவை எட்டியது. 1961 இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கமும் இதே மனப்பாங்கில் வளர்ந்தது. கண்களைக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகம் இதற்குப் பின்னணி. புறாவுக்காகத் தசையை அரிந்து வைத்த சிபியைத் தமிழரும் அறிவர். இந்த வரிசையில் பி.ஆர்.பி.க்கு இடமில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்பதால் அது தானமாகாது. அதில் புண்ணியமும் இல்லை, குற்றமும் இல்லை.

கண்ணப்பர் கதை இதற்கு இன்னும் அருகில் வருகிறது. காளத்தியில் இறைவனின் கண்ணில் குருதி வழிந்தபோது கண்ணப்பரான திண்ணனார் முதலில் பச்சிலை தேடிப் பிழிந்தார். குருதி நிற்கவில்லை. தசையில் வந்த நோய்க்குத் தசையே மருந்து என்று முன்பு கேட்டறிந்தது நினைவுக்கு வர, தம் கண்ணைத் தோண்டி அப்பினார். சேக்கிழார் இங்கே வைத்திய அறிவையும் அன்பையும் ஒரே செயலில் சேர்த்துவிடுகிறார். ஆனால் அந்தச் செயலின் பெருமை தசையைப் பற்றிய அறிவில் இல்லை. அது ‘எனது’ என்ற எல்லையைக் கடந்ததில் இருக்கிறது. பி.ஆர்.பி. அந்த அறிவை வைத்துக்கொண்டு எல்லையைக் கடக்காமல் இருக்கிறது. அதனால் அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அதற்குப் புனிதமும் ஏற்ற வேண்டியதில்லை.

தூய்மை பற்றிய கேள்வி நடைமுறையில் மிகுந்த சிக்கல் தருவது. பௌத்த விநயத்தில் இது எளிது. உபசம்பதா பெறும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்படும் நான்கு ஆதாரங்களில் கடைசியானது புளித்த மூத்திரத்தை மருந்தாகக் கொள்வது. கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளில் இன்றும் அது சொல்லப்படுகிறது. அதை ஏற்ற மரபு பிளாஸ்மாவுக்கு முகம் சுளிக்காது. அதே சடங்கில், வருபவருக்குக் குட்டமோ கட்டியோ வேறு சில நோய்களோ உண்டா என்றும் கேட்கப்படுகிறது. ஜீவகனின் வைத்தியத்துக்காகவே நோயாளிகள் சங்கத்தில் சேரத் தொடங்கியதால் வந்த விதி என்று விநயத்தின் மகாவக்கம் காரணம் சொல்கிறது. இலவச மருத்துவத்துக்கு அன்றும் நெரிசல் இருந்திருக்கிறது.

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ வழியில், உடம்பிலிருந்து வெளிப்பட்ட குருதி நஜீஸ், அதாவது அசுத்தம். நஜீஸான பொருளை மருந்தாகக் கொள்வதற்குத் தேவையும், தூய மாற்று இல்லாமையும் நிபந்தனைகள். ஆகவே அழுத்தக் கட்டால் ஆறக்கூடிய புண்ணுக்கு இது அவசியமா என்ற மருத்துவக் கேள்வியே இங்கு சட்டக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. சான்று வலுவில்லாதபோது தேவை என்ற வாதமும் வலுவிழக்கும். அன்றாட வாழ்வில் இதைவிடப் பெரிய சிக்கல் கட்டினால் வருவது. ஒரு வாரம் அவிழ்க்கக்கூடாத கட்டு, தொழுகைக்கு முன் வுழூவில் கழுவ வேண்டிய பாதத்தை மூடியிருக்கிறது. இதற்கு மரபில் பழைய தீர்வு உண்டு: நலமான பகுதியைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவி, மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்துகொள்வது. இந்தச் சலுகையை அறியாமல் வேளைக்கு வேளை கட்டை அவிழ்ப்பவருக்குப் புண் ஆறுவது கடினம். அவருக்கு வைத்தியரின் அறிவுரையைவிட மீரா மக்காம் பள்ளிவாசலில் கேட்டறியும் ஒரு சொல் அதிகம் உதவக்கூடும். சைவருக்கும் பௌத்தருக்கும் சிக்கல் வேறு. குருதி வடியும் புண்ணோடு கோயிலுக்குள் போவதில்லை என்ற வழக்கம், தலதா மாளிகையில் வெறுங்காலோடு நிற்கும் நீண்ட வரிசை, எசல பெரஹராவில் இரவில் மணிக்கணக்காகத் தெருவோரம் நிற்பது ஆகியவை அவை. இதில் காலுக்குக் கேடு நடப்பதால் வருவதில்லை; அசையாமல் நிற்பதால் வருகிறது.

கிறிஸ்தவப் பிரிவுகளில் பெரும்பாலானவை இதில் தடை எதையும் காண்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் மட்டும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். முழுக்குருதியையும் அதன் நான்கு பெருங்கூறுகளையும் ஏற்றிக்கொள்வதில்லை. முன்கூட்டி எடுத்துச் சேமித்த சொந்தக் குருதியையும் நீண்டகாலம் ஏற்காதிருந்தார்கள். ஆனால் சொந்தச் சிறுதட்டிலிருந்து செய்த கூழைக் காயத்தில் பூசுவதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இது மயிர்பிளக்கும் வேலையாகத் தோன்றலாம். இருந்தும் உடம்பைவிட்டு வெளியே போன குருதி எவ்வளவு நேரம் ‘தன்னுடையது’ என்ற கேள்வியை இவர்களைப்போல் நேராக எடுத்துக்கொண்ட மதக்குழு வேறு இல்லை எனலாம்.

எஞ்சியது உண்மை பேசுவது பற்றியது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மருந்து கட்டுவதற்குக் கட்டணம் இல்லை. அங்கே போய்வருவதற்குத்தான் நாட்கூலி போகும். நாளப் புண்ணுக்கு நிறுவப்படாத ஒரு முறையைப் பணத்துக்குத் தருபவர் அது நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். இயற்கையானது, சொந்தமானது, பக்கவிளைவு குறைந்தது என்ற மூன்று சொற்களும் பொய்யல்ல. பலன் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைப்பதுதான் பொய். மகாவக்கம் நோயாளியைப் பார்ப்பவருக்கு ஐந்து தகுதிகள் சொல்கிறது: மருந்து தயாரிக்கத் தெரிந்திருத்தல், ஒத்ததும் ஒவ்வாததும் அறிதல், ஆதாயம் கருதாமல் அன்போடு செய்தல், கழிவுக்கு அருவருக்காமை, நல்ல பேச்சால் மனத்தைத் தேற்றுதல். நோயாளிக்கும் ஐந்து உண்டு. ஒத்ததைச் செய்தல், அளவறிதல், மருந்தை எடுத்துக்கொள்ளல், நோயின் நிலையை மறைக்காமல் சொல்லுதல், வலியைப் பொறுத்தல். அழுத்தக் கட்டு இறுக்குகிறது என்று வீட்டில் அவிழ்த்துவிட்டு, கிளினிக்குக்குப் போகும் காலையில் மீண்டும் சுற்றிக்கொள்பவரை அந்த நான்காவது தகுதி அப்படியே பிடிக்கிறது.

நாகசேனரின் உவமை போதாமல் போகும் ஓர் இடமும் உண்டு. மன்னனின் அம்புப் புண் ஆறியதும் அந்த விஷயம் முடிந்துவிட்டது. நாளப் புண் ஆறினாலும் வால்வு பழுதாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் நடந்து 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 வீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. மேல்நாளச் சத்திரசிகிச்சையும் சேர்ந்தவர்களில் அது 12 வீதம். பிளாஸ்மாவால் ஆறிய புண்ணுக்கும் வால்வு வேறாகிவிடப் போவதில்லை. எனவே புண் இல்லாத காலுக்கும் காலையில் எழுந்ததும் அழுத்தக் காலுறை போட வேண்டும், மாலையில் காலை உயர்த்தி வைக்க வேண்டும், அதை ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும். இதற்குப் பொருந்துவது அம்புப் புண் உவமை அல்ல. சீவரம், உணவு, உறைவிடம், மருந்து என்ற நான்கையும் பயன்படுத்தும்போது எதற்காக என்று நாள்தோறும் நினைத்துப் பார்க்கும்படி பிக்குகளுக்கு விதிக்கப்பட்ட பயிற்சி. அதில் மருந்துக்குச் சொல்லப்படும் நோக்கம், வந்த வேதனையை விலக்கி நோயின்றி இருப்பது.